விட்டுப் படித்த பக்கம்

இன்று எங்கள் கம்பெனி மதிலுக்கு வெள்ளையடித்தார்கள்; அந்தச் சுண்ணாம்பு வாசனையில், இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கிற இடத்தில் முன்பிருந்த வடக்குப்பட்டுப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்துவிட்டது. அரையாண்டு லீவில் வெள்ளையடித்துத் திறந்ததும், மூன்றாம் வகுப்பு டீச்சர் பெற்றோரைப் பக்கத்தில் உட்காரவைத்து எங்களைப் படிக்கச் சொல்வார். என்னோடு படித்த சுமதியின் அப்பா சூப்பர்வைசர். அவள் தடுமாறும்போதெல்லாம் காதைத் திருகி, "திருப்பிப் படி, கழுத" என்பார். என் அம்மா பள்ளிக்கூடமே போகாதவள். அவளும் ஒரு தடவையாவது என்னைத் திருத்த வேண்டுமென்று, வேண்டுமென்றே ஒரு பக்கம் முழுக்க விட்டுவிட்டுப் படித்தேன்.

"எவ்ளோ சீக்கிரம் முட்ச்சிட்டான் பாருங்க டீச்சர், எம்புள்ள!" என்று முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

பக்கத்தில் சுமதி அதே வரியை நாலாவது தடவையாக அழுதுகொண்டே படித்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமையில் வயிறெரிந்தது.