மண்டபத்து இணைப்பை முடக்கியவன்

தேவகியின் படிப்பைக் கெடுத்தவன் நான்தான். மழையுமில்லை, லைனுமில்லை... நான்!

ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஆபீஸ் கிளாக்கர் நான். கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. பள்ளத்துத் தோட்டம், போனில் சிக்னல் எடுக்காது. ஆபீஸ் ரவுட்டரில் இருந்துதான் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் படிக்கும் மண்டபத்துக்கும் நெட் போகிறது. இரண்டு இணைப்புக்கும் ஐபி முகவரி கொடுத்து, வழித்தடம் எழுதியவன் நானே.

அந்த வாரம் என்மீது பெட்டிசம் போகப்போகிறதென்று காதில் விழுந்தது. பெயர் போடாத புகார்க் கடிதம் ஒன்று மேலே போனால் எவன் வேலையும் ஆட்டங்கண்டுவிடும், உங்களுக்குத் தெரியாததா? யார் எழுதுகிறார்கள்?

மண்டபத்தில் தேவகி மூன்று நாளாக எதையோ டைப் செய்துகொண்டிருந்தாள். கொழுந்தெடுக்கும் ராசம்மாவின் மகள். நான் எட்டிப் பார்த்ததும் திரையைக் கையால் மறைத்தாள். என்னைக் கண்டு ஏன் மறைக்க வேண்டும்? எனக்கு அது போதுமாயிருந்தது.

ரவுட்டருக்குள் நுழைந்து மண்டபத்து வழித்தடத்தை அழித்தேன். இணைப்பையும் முடக்கினேன். ஒன்று போதும், இரண்டையும் செய்தேன். அவ்வளவு பயம்.

பகல் இரண்டு மணிக்கு நனைந்தபடி வந்து நின்றாள்.

"ஐயா, நெட் வரலீங்க. அஞ்சு மணிக்குள்ள ஒன்னு அனுப்பணுங்க."

"என்னா அனுப்பப்போற?"

தலையைக் குனிந்துகொண்டாள். என் சந்தேகம் உறுதியாயிற்று.

"மழையில லைன் போயிருச்சு புள்ள. ஆளுங்க வந்து பாத்தாத்தான் சரி வரும்."

ஹட்டனுக்கு ஓடினாள். வழியில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. அவள் கம்ப்யூட்டர் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி.

மறுநாள் ராசம்மா சொல்லித்தான் தெரியும்.

"டீச்சர் காலேஜ்ல சேர்றதுக்கு விண்ணப்பப் பாரமுங்க. கண்ணு பட்டுரும், கெடைக்கிற வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடாதன்னு நான்தாங்க சொன்னேன். அடுத்த வருசம் வயசு கடந்துருமுங்க."

அந்த நிமிடமே சொல்லியிருக்கலாமே... சொன்னேனா? ஆபீசுக்குப் போய் இணைப்பைப் பழையபடி திருத்தினேன். நான் கைவைத்தது பதிவான குறிப்பையும் அழித்தேன். பெட்டிசம் இன்றுவரை வரவில்லை.

இப்போது தேவகி கொழுந்தெடுக்கிறாள். தோட்டத்தில் அவள் பெயரைப் பதிந்தவனும் நானே. கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து சொன்னாள்:

"அன்னைக்கு லைன் பாக்க ஆள் கூப்பிட்டு ரொம்ப கஷ்டப்பட்டீங்களாம். நன்றிங்கய்யா."

நான் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டதாக எவரிடமும் சொல்லவுமில்லை. அப்படியானால் யார் சொன்னது அவளுக்கு? தெரிந்துகொண்டுதான் சொன்னாளா? முகத்தைப் பார்த்தேன்... ஒன்றும் பிடிபடவில்லை. ஒவ்வொரு காலையும் வேலைக்குப் போகுமுன் எனக்கு வணக்கம் சொல்கிறாள். நானும் ஒவ்வொரு காலையும் அந்த முகத்தைத்தான் பார்க்கிறேன்.