காசம்மாள் நல்லவாட்டுக்கு மரம் கொண்டுபோனது

பாகூரில் பெரிய மரம் எதையாவது நகர்த்த வேண்டுமென்றால் காசம்மாளைத்தான் கூப்பிடுவார்கள். புருஷன் செத்த பிறகு அவனுடைய மரம் ஏற்றும் மாட்டுவண்டியை அவளே ஓட்டினாள். பொம்பளை வண்டி ஓட்டலாமா என்று கேட்டவர்களிடம், "மாடுங்க ஒண்ணும் சொல்லலியே" என்பாள்.

பிரெஞ்சுக்காரன் ஆட்சி. நீளச் சுமைக்கென்று அந்த வருஷம் ஓர் உத்தரவு வந்திருந்தது. வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுமையின் வாலில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் சிவப்பு அடையாளத்தோடு நடந்து, எதிரே வருபவர்களை ஒதுக்க வேண்டும். தவறினால் சுமையை அங்கேயே இறக்கிவிடுவார்கள்.

நல்லவாட்டுக் கடற்கரையில் படகு கட்டுவதற்காக ஒருநாள் இலுப்பை மரம் ஒன்றை ஏற்றினாள். வாலில் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக் கட்டியாயிற்று. முன்னால் நடக்க வேண்டிய செல்லப்பன் கள்ளுக்கடையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. காத்துப் பார்த்துவிட்டுத் தனியாகவே கிளம்பினாள்.

ஊர் எல்லை தாண்டியதும் போலீஸ்காரர் சுப்புராயன் மறித்தார். வேலைக்குப் புதுசு, தலையில் சிவப்புத் தொப்பி பளபளத்தது.

"முன்னாடி ஆளு எங்கம்மா? மரத்த எறக்கு."

இறக்கினால் மறுபடி ஏற்ற ஊரையே கூப்பிட வேண்டும். காசம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தச் சிவப்புத் தொப்பியைப் பார்த்ததும் ஒரு யோசனை வந்தது. முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டாள்.

"எறக்கிடலாங்க. ஆனா ஒங்க பெரியவரு இன்னிக்கு நல்லவாட்டுல இருக்காராம். என்னிய மரத்தோட அங்க இட்டுக்கினு போனா, புடிச்சது நீங்கதான்னு அவரே பாப்பாரு இல்ல?"

சுப்புராயனுக்கு அது பிடித்திருந்தது. "சரி, எம் பின்னாடியே வா. ஓடிடக் கூடாது."

"இந்த மரத்த வச்சிக்கினு எங்கங்க ஓடப்போறேன்?"

அவர் நெஞ்சை நிமிர்த்தி முன்னே நடந்தார். எதிரே வந்த கரும்பு வண்டிகளை அதட்டி ஒதுக்கினார். ஒரு திருப்பத்தில் மரத்தின் வால் வேலியை உரசப் பார்த்தபோது ஓடிவந்து தோள்கூடக் கொடுத்தார். காசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடற்கரையில் சுப்புராயன் விஷயத்தைச் சொல்ல, அந்தப் பெரிய அதிகாரி காசம்மாளை விசாரித்தார். "முன்னாடி ஆள் போகலியா?"

"போனாருங்க. பாகூர்லேருந்து இவருதான் நடந்து வந்தாரு. தொப்பி செவப்புதானே?"

அதிகாரி தொப்பியைப் பார்த்தார். சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள்கள் குலுங்கின. பிறகு தொண்டையைச் செருமி, மரத்தை இறக்கிக்கொள்ளும்படி படகுக்காரர்களிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சுப்புராயன் வண்டி நிழலில் உம்மென்று உட்கார்ந்திருந்தார். காசம்மாள் தன் கூழில் பாதியை ஊற்றி நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேதான் வாங்கினார். கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"அடுத்த தபா சொல்லிட்டே கூப்புடு," என்றார். "செருப்பாவது நல்லதாப் போட்டுக்கினு வருவேன்."