சோலையில் ஒரு வாய்மொழித் தேர்வு

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனபோது ஒரே ஒரு வார்த்தை மிச்சம் இருந்தது. "சரிங்க." எஸ்டேட் ஆபீஸில் முப்பது வருஷம் ரைட்டராக இருந்தவர். மேனேஜர் எது சொன்னாலும் அவர் சொல்லிவந்த பதில் அது. கடவுள் எதையாவது விட்டுவைக்க நினைத்திருந்தால் என் பெயரை விட்டுவைத்திருக்கலாம். போயும் போயும் மேனேஜருக்குச் சொன்ன பதிலை விட்டுவைத்தார். காபி வேண்டுமா என்றாலும் சரிங்க, கால் வலிக்கிறதா என்றாலும் சரிங்க.

பேச்சுப் பயிற்சி கொடுத்த டாக்டரம்மா சேலத்தில் இருந்தார். "ஒரு வருஷத்துக்குள்ள வர்ற பேச்சுதாங்க பெரும்பாலும் வரும். அவருக்கு நொம்பப் பிடிச்சதுல இருந்து ஆரம்பிங்க," என்றார்.

அவருக்குப் பிடித்தது பறவைகள். எனக்கு அதுகளைக் கண்டாலே ஆகாது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும், போட்ட வெள்ளைச் சட்டையோடு பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கரடியூர்ப் பக்கம் காபித் தோட்டத்துக்குள் போய்விடுவார். குழம்பு ஆறிப்போய் நான் உட்கார்ந்திருப்பேன். குருவியைப் பார்த்தால் வயிறு நிறையுமா என்று கேட்பேன். அவர் சிரிப்பார். கல்யாணம் ஆனதிலிருந்து இதே சண்டைதான். கடைசியில் அவருக்காக நான்தான் பறவைப் புத்தகம் வாங்கி, ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதாயிற்று.

மிஷன் பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எழுத்தே ஏறாத பிள்ளைகளை எல்லாம் வாசிக்க வைத்திருக்கிறேன். இவரையா விட்டுவிடுவேன் என்று ஒரு திமிர் எனக்கு இருந்தது.

ஊரை ஒட்டி ஒரு சோலையை வேலி போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். உள்ளே நடைபாதை சமதரை. அங்கங்கே சிமென்ட் பெஞ்சு. வலது காலை இழுத்து இழுத்து நடக்கிறவருக்கு அதைவிட நல்ல இடம் இந்த மலையில் கிடையாது. கேட்டில் டிக்கெட் கிழிக்கிற அம்மா வெள்ளக்கடை கிராமத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். "ஐயா இன்னைக்கு நொம்பத் தெளிவா இருக்காருங்க, டீச்சர்," என்பாள். தினமும் அதையேதான் சொன்னாள். முதல் மாதம் அது எனக்குத் தெம்பாக இருந்தது. பிறகு எரிச்சலாக வந்தது.

தேர்வு இப்படித்தான் நடக்கும். எங்காவது ஒரு பறவை சத்தம் போடும். என் காதில் விழுவதற்கு முன்பே அவர் தலை அந்தப் பக்கம் திரும்பிவிடும். அவர் முகம் போகிற திசையில் நான் தேடுவேன். ஆளைக் கண்டுபிடித்ததும் புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்த்துவிட்டுக் கேட்பேன்.

"இது என்னங்க?"

அவர் உதடு கூடும். நெற்றியில் வேர்க்கும். "சரிங்க."

"செம்மீசைச் சின்னான். எங்க, சொல்லுங்க. செம்..."

"சரிங்க."

ஒருநாள் பொறுமை போய், "வேணும்னே பண்றீங்களா?" என்று கத்திவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தப்பாக எழுதிய சிலேட்டை நீட்டுகிற பிள்ளை மாதிரி நின்றார். அதை இப்போது நினைத்தாலும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

டாக்டரம்மா சொன்ன ஒரு வருஷம் முடிய நாலு நாள் இருந்தது. ஒரு பெயர்கூட வரவில்லை. கடைசியாக அவருடைய செல்லப் பறவையை வைத்துக் கேட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். சீகாரப் பூங்குருவி. வேலைவெட்டி இல்லாத ஆள் சீட்டியடித்துக்கொண்டு போவது மாதிரி பாடும். அதற்காக ஓடைப் பக்கம் மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்து காய்ச்சலோடு வந்தவர் இவர். அந்த வருஷம் அது எங்கள் கண்ணிலேயே படவில்லை. அதனால் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி அதன் பாட்டைப் போனில் இறக்கி வாங்கிக்கொண்டேன். போனில் பாட்டைப் போட்டுப் பறவையை வரவழைப்பது அவருக்கு அறவே பிடிக்காது. "அதும்பட ஊட்டுக்குள்ள இன்னொருத்தன் பூந்துட்டான்னு பதறிப் போயிருமுங்க," என்று டூரிஸ்ட்டுகளை விரட்டியிருக்கிறார். எனக்குத் தெரியும். ஆனால் நாலு நாள்தான் இருந்தது. நியாயம் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

மூங்கில் புதர் பக்கம் அவரை நிறுத்தி, போனைத் தூக்கிப் பிடித்துப் போட்டேன். பாட்டு முடிந்து கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு புதருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதே சீட்டி வந்தது.

மறுபடி போட்டேன். மறுபடி பதில் வந்தது. "கேட்டுச்சாங்க? உங்க குருவிங்க. சொல்லுங்க, அது பேரு என்ன?"

அவர் என் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையால் அதைக் கீழே தள்ளினார். களைப்பாக இருக்கிறது போல என்று நினைத்தேன். "நேர்ல பார்த்தா வந்துரும், வாங்க," என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வளைவைத் தாண்டினேன்.

அங்கே கணவன் மனைவியாக இரண்டு இளசுகள், எங்களைப் பார்த்துப் போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ஏனுங்க, நீங்களும் போன்லதான் போட்டீங்களா?" என்றாள் அந்தப் பெண். "நாங்க இத்தன நேரமா குருவிதான் பதில் பேசுதுன்னு நின்னுட்டு இருக்கோமுங்க."

சிரிக்க வேண்டிய விஷயம்தான். அவர்கள் சிரித்தார்கள். அந்தப் பையன் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "ஐயா, நெசமாலுமே அந்தக் குருவி உள்ள இருக்குங்களா?" என்று கேட்டான்.

"சரிங்க," என்றார் இவர். இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அவர்கள் சந்தோஷமாக உள்ளே போனார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டு தடவை பதில் வந்தபோதும் அவர் தலை திரும்பவே இல்லை. இலை அசைந்தால் திரும்புகிற தலை. வந்தது பறவை இல்லை, இன்னொரு போன் என்று முதல் சீட்டியிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் அவர் எதையும் மறக்கவில்லை. ஒரு வருஷமாக, அழிந்துபோன பெயர்களைத் திரும்ப எழுதிக் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாப் பெயரும் உள்ளே அப்படியே இருந்திருக்கின்றன. வெளியே வரத்தான் வழியில்லை. தெரிந்த பதிலையே கேட்டுக் கேட்டு, நான் அவரைத் தினமும் வதைத்திருக்கிறேன். மறந்துவிட்டார் என்று அழுததைவிட இது அதிகமாக வலித்தது.

அப்போது மேலே எங்கோ ஏதோ ஒன்று கூவியது. இந்தத் தடவை போன் இல்லை; அவர் தலை சட்டென்று திரும்பியது. இடது கையைத் தூக்கி ஒரு சவுக்கு மரத்தின் உச்சியைக் காட்டினார். சின்னதாக, பழுப்பாக ஒன்று கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருந்தது. புத்தகத்தை எடுத்தேன். முன்னும் பின்னும் புரட்டினேன். அந்த மாதிரி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

அவர் என் பக்கம் திரும்பினார். உதடு அசையவில்லை. பெயரை நான் சொல்ல வேண்டும் என்று என் முகத்தையே பார்த்தார்.

"எனக்குத் தெரியலைங்க," என்றேன்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பறவை பறந்துபோனது. பிறகு கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.