படி இல்லாத ஓட்டல்

எங்க வூட்டுக்காரரு வெங்கடேசன் சோத்துக்கு அலையிற ஆளு கிடையாது. பழையதும் மோர்மொளகாயும் குடுத்தா போதும், வாயத் தொறக்காம சாப்ட்டுட்டு கையக் கழுவிகினு போயிடுவாரு. அப்பேர்ப்பட்ட மனுஷன் வருஷக்கணக்கா போன்ல ஓட்டல் ஓட்டலா பாத்துகினு இருந்தா, பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க? எதிர்வூட்டுக்காரி நேராவே கேட்டா, "இன்னா விஜயா, உங்க வூட்டுக்காரருக்கு நாக்கு நாலு மொழம் நீண்டுபோச்சா?"ன்னு. சிரிச்சு மழுப்பிட்டேன். அவளுக்கு இன்னா தெரியும்? அந்த மனுஷன் தேடினது படி இல்லாத ஓட்டல. எனக்காகத் தேடினாரு.

நான் விஜயகுமாரி. சிங்கப்பெருமாள் கோயில்ல, ஸ்டேஷனுக்கு அந்தாண்ட எங்க வூடு. ஜிஎஸ்டி ரோட்டுல என் ஸ்கூட்டி மேல லாரி ஏறின நாள்லேந்து இடுப்புக்குக் கீழ எனக்கு ஒண்ணும் தெரியாது. வீல்சேருதான். அதுக்கு அழ வேண்டியதெல்லாம் அழுது முடிச்சாச்சு, அந்தக் கதை இப்ப வேணாம்.

அழுது முடிக்காதது வேற ஒண்ணு கீது. ஆஸ்பத்திரிலேந்து வந்து மொதமொதல்ல செங்கல்பட்டுல ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மண்டபம் மாடில. நாலு ஆம்பளைங்க என்னெ சேரோட தூக்கினாங்க. "புடி புடி, சாய்க்காத, அந்தாண்ட புடி"ன்னு ஒரே கூச்சல், பீரோ ஏத்தற மாதிரி. பொடவை முட்டிக்கு மேல ஏறிடுச்சு. இழுத்துவுடக் கை இல்ல, ரெண்டு கையாலயும் சேரப் புடிச்சிகினு இருந்தேன். கீழ ஒருத்தன் அத்தப் போன்ல படம் புடிச்சிகினு இருந்தான், பாவி. வூட்டுக்கு வந்ததும் சொல்லிட்டேன்: "தோ பாருய்யா, இனிமே என்னெ எவனும் தூக்கக் கூடாது. படி இல்லாத எடமா இருந்தா வரேன். இல்லாட்டி வூட்டுலயே வுட்டுடு." அவரு எதுக்குமே ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஆனா மறுநாள் வேலைலேந்து வந்ததும் போன எடுத்துகினு குந்திட்டாரு.

அவருக்கு இங்க கம்பெனிங்க கீற பேட்டையில வேலை. ஷிப்ட் பஸ் சூப்பர்வைசரு. டிரைவரு போன்ல "கெளம்பிட்டேன் அண்ணாத்த"ன்னு சொன்னா நம்ப மாட்டாரு. பின்னால குக்கர் விசில் கேட்டா, இன்னும் பொண்டாட்டிகிட்ட நாஸ்தா கேட்டுகினு கீறான்னு கண்டுபுடிச்சிடுவாரு. அந்தப் புத்தியத்தான் ஓட்டல் தேடறதுலயும் போட்டாரு.

ஓட்டலுக்குப் போன் பண்ணிக் கேக்கறது சுத்த வேஸ்ட்டு. எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடுவாங்க. "வாங்க சார், வீல்சேர் தாராளமா வரும் சார், நம்ம பசங்க கீறாங்க சார்." பசங்க கீறாங்கன்னு சொன்னா படி கீதுன்னு அர்த்தம். அதனால இவரு ஒரு சைட்டப் புடிச்சாரு. ஊரு சுத்தறவங்களும் ஓட்டலுக்குப் போறவங்களும் போயிட்டு வந்து நல்லது கெட்டது எழுதற சைட்டு, பேரு எதுக்கு. அதுல ஜனங்க எழுதினதுக்குள்ள நாம ஒரு வார்த்தையப் போட்டுத் தேடலாம். படின்னு தேடினா ஒண்ணும் வராது. நடக்கறவனுக்குப் படி எங்க கண்ணுல படும்? இவரு இங்கிலீஷ்ல 'மதர் இன் லா'ன்னு அடிப்பாரு. மாமியார இட்டுகினு போனவன்தான் வயித்தெரிச்சல்ல எழுதுவான், 'மதர் இன் லாவுக்கு முட்டி வலி, ரெஸ்டாரண்ட் மாடில வெச்சிருக்கான், திரும்பி வர வழியெல்லாம் பொண்டாட்டிகூட சண்டை'ன்னு. இவரு அத்தப் படிச்சுட்டு அந்த ஓட்டல லிஸ்ட்டுலேந்து அடிச்சிடுவாரு. யாரோ ஒரு மருமவன் வாங்கின திட்டு, எனக்குப் பொழைப்பு.

இன்னும் கீது. ஒரு ஸ்டார் போட்டுத் திட்டினவங்கள மட்டும் தனியாப் பாக்கலாம். புதுசா எழுதினத மொதல்ல பாக்கலாம். ஓட்டல்காரன் போட்ட படத்த ஒதுக்கிட்டு, சாப்புட வந்தவங்க எடுத்த படத்த மட்டும் பாக்கலாம். யாரோ கொழந்தைக்கு பர்த்டே கேக்கு வெட்டுவாங்க. இவரு கேக்கப் பாக்க மாட்டாரு. பின்னால பாத்ரூம் வாசல் தெரியுதா, அங்க படி கீதான்னு பெருசு பண்ணிப் பண்ணிப் பாப்பாரு. "அந்தக் கொழந்தையோட மூஞ்சையாவது ஒரு தடவ பாருய்யா"ன்னு கலாய்ப்பேன். லேசா சிரிப்பாரு, அவ்ளோதான்.

இப்டித் தேடித் தேடி என்னெ எங்கெங்கயோ இட்டுகினு போனாரு. நெம்மேலி தாண்டி ஒரு மீன் சாப்பாட்டுக் கடை. புதுப்பட்டினத்துல ஒரு பிரியாணிக் கடை, ரோடும் கடையும் ஒரே மட்டம். நானே சக்கரத்தத் தள்ளிகினு உள்ள போயி, நானே மேஜைகிட்ட நிறுத்திகினு, "தம்பி, ஒரு மட்டன், சூடா எடுத்துனு வா"ன்னு அதிகாரமா சொல்லுவேன். எவன் தயவும் இல்லாம உள்ள போயி அந்த வார்த்தையச் சொல்றதுல எம்மாம் சந்தோஷம் கீதுன்னு கால் இருக்கறவங்களுக்குப் புரியாது. அப்பல்லாம் எனக்கு எம் புருஷன நெனைச்சா அவ்ளோ பெருமையா இருக்கும்.

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கெழம அந்த சைட்டத் தொறந்தவரு மூஞ்சி தொங்கிப்போச்சு. வார்த்தை போட்டுத் தேடற எடத்தக் காணோம். ஒரு ஸ்டார்காரங்களத் தனியாப் பிரிக்க முடியல. புதுசு எது பழசு எதுன்னு தெரியல. சாப்புட வந்தவங்க எடுத்த படமும் ஓட்டல்காரன் போட்ட படமும் ஒண்ணாக் கலந்து கெடக்குது. மேல கொட்டை எழுத்துல போட்டிருந்தான், 'உங்களுக்கு இன்னும் நல்லா உதவுறதுக்காக மாத்தியிருக்கோம்'னு. ஆமா, உதவிக் கிழிச்சான்.

அதுக்குப் பதிலா ஒரு பெட்டி குடுத்திருந்தான். கேள்வி கேட்டா அதுவே பதில் சொல்லுமாம். இவரு பழைய ஞாபகத்துல 'மதர் இன் லா'ன்னு அடிச்சாரு. 'மாமியாருடன் சென்று மகிழ சிறந்த பத்து உணவகங்கள்'னு ஒரு வரிசை வந்துச்சு. எனக்கு சிரிப்பு தாங்கல. அவரு சிரிக்கல. படி கீதான்னு கேட்டாரு. கடல் காத்து நல்லா வரும்னு சொல்லுச்சு. கோவம் வந்து கம்பெனிக்கு நீளமா எழுதிப் போட்டாரு. 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்'னு பதில் வந்துச்சு. அத்தோட சரி. வேற சைட்டுங்களயும் பாத்தாரு. எல்லாத்துலயும் 'சூப்பர்', 'செம'. மாமியாருக்கு முட்டி வலின்னு எழுதறவன் ஒருத்தன்கூட இல்ல.

யாரோ ஒருத்தன் ஏசி ரூம்புல குந்திகினு, இத்த யாரும் உபயோகப்படுத்தலன்னு சொல்லித்தான் எடுத்திருப்பான். நாங்க யாரும் இல்லையாடா? வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். இப்பவும் திட்டுவேன்.

அப்பால புதுப்பட்டினம் பிரியாணிக் கடைக்கே திரும்பத் திரும்பப் போய்கினு இருந்தோம். அப்டியே ஓட்டிகினு இருந்திருக்கலாம். எங்க பையன் கார்த்தி வந்து, அவன் ஆபீஸ்ல கூட வேலை செய்ற ஸ்ரீதேவின்னு ஒரு பொண்ணப் புடிச்சிருக்குன்னு சொன்னான். பொண்ணோட அப்பா ராமதாஸ், கல்பாக்கத்துல சர்க்கார் உத்தியோகம், சேலத்துலேந்து வந்து செட்டிலானவங்க. சுத்த சைவம். ரெண்டு குடும்பமும் மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு ஓட்டல்ல உக்காந்து பேசலாம், எடத்த நீங்களே சொல்லுங்கன்னு வெள்ளிக்கெழம சொன்னாங்க. ஞாயித்துக்கெழம மதியம் பாக்கணும்.

பிரியாணிக் கடையில வெச்சு சைவக்காரங்ககிட்ட சம்பந்தம் பேச முடியுமா? இவரு நேர்ல போயி எடம் பாத்துட்டு வரேன்னாரு. சனிக்கெழம பாத்து ஒரு பஸ் பரனூர்ல நின்னுபோச்சு, ஆளுங்க ரோட்டுல நிக்கறாங்க, இவரு அங்க ஓடிட்டாரு. வேற வழி இல்லாம அந்தப் பெட்டியக் கேட்டாரு. ஒரு பெரிய சைவ ஓட்டல் பேரச் சொல்லி, சக்கர நாற்காலி வசதி உண்டு, சாய்தளம் உண்டு, குடும்பத்தோடு செல்ல அருமையான இடம்னு சொல்லுச்சு. ஓட்டலுக்கும் போன் பண்ணாரு. "எல்லா வசதியும் இருக்கு சார்"னு சொன்னாங்க. பசங்க கீறாங்கன்னு சொல்லல. அத நம்பிட்டாரு.

நான் அவருகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். "அவங்க வரதுக்கு முன்னாடி நான் மேஜையில குந்திகினு இருக்கணும். மொதத் தடவ என்னெப் பாக்கறப்ப என் மூஞ்சத்தான் பாக்கணும், சக்கரத்தப் பாக்கக் கூடாது." "ஆவட்டும் விஜி"ன்னாரு. மயில்கழுத்து கலர்ல பட்டுப்பொடவை கட்டிகினேன். காலைலேந்து தண்ணி குடிக்கல, அங்க பாத்ரூம் எப்டியோன்னு.

சீக்கிரமாவே போயிட்டோம். வாசல்ல நெஜமாவே ஒரு சாய்தளம் இருந்துச்சு. "ஏன்யா, கீதுய்யா!"ன்னு கத்திட்டேன். கார்த்தி தள்ளிகினு உள்ள போனான். அங்க இருந்த மேனேஜரு சிரிச்சிகினே, "டைனிங் மேல மேடம், கடல் பாத்துகினே சாப்டலாம்"ன்னாரு. கீழ கீற ஹால்ல யாரோ கம்பெனி பார்ட்டி. லிப்ட் கிடையாது. பளபளன்னு கிரானைட்டுல படிங்க மட்டும் மேல போவுது.

இவருக்கு வந்துச்சு பாருங்க கோவம். "வீல்சேர் வசதி கீதுன்னு போட்டிருக்கீங்களே!" அந்த மேனேஜரு வாசலக் காட்டி, "அதான் சாய்தளம் இருக்கே சார்"ன்னாரு. இன்னா சொல்லுவ அதுக்கு? இருக்குதான். அப்பால அவரே சொன்னாரு, "கவலைப்படாதீங்க சார், நம்ம பசங்க இருக்காங்க."

"கார்த்தி, வேணாம்பா. அவங்களுக்குப் போன் போட்டு வேற எடத்துக்கு வரச் சொல்லு"ன்னேன். அவன் போட்டான். மணி அடிக்கிற சத்தம் மாடிப்படிலேந்து கேட்டுச்சு. அவங்க எங்களுக்கு முன்னாடியே வந்து மேல உக்காந்திருக்காங்க. ராமதாஸ் போனக் கையில வெச்சிகினு எறங்கி வராரு. பின்னாடி அவரு சம்சாரம் வரலட்சுமி. அதுக்கும் மேல அந்தப் பொண்ணு நிக்குது.

"அடடா, இதுக்கா யோசிக்கிறீங்க? என்ன தங்கச்சி, நான் உங்க கூடப்பொறந்த அண்ணன் மாதிரி"ன்னு சொல்லிகினே அந்த மனுஷன் சட்டைக் கையச் சுருட்டி, குனிஞ்சு ஒரு சக்கரத்தப் புடிச்சாரு. இன்னொரு சக்கரத்த ஓட்டல் பையன். பின்னால கார்த்தி. மொத நாளே ஆசையா நீட்டின கையத் தட்டிவுட்டா எம் புள்ள கதி இன்னா ஆவறது? "சரிங்கண்ணா"ன்னேன்.

எம் புருஷன் இன்னா பண்ணாரு தெரியுமா? முன்னால வந்து, என் பொடவைக் கொசுவத்தக் கணுக்காலோட சேத்து ரெண்டு கையாலயும் புடிச்சிகினு, ஒவ்வொரு படியாப் பின்பக்கமா ஏறி வந்தாரு. கடேசி வரைக்கும் என் மூஞ்சப் பாக்கல. எனக்கு அந்தாள அறையணும் போலவும் இருந்துச்சு, கட்டிப்புடிச்சு அழணும் போலவும் இருந்துச்சு.

மேல போய் நான் ஒண்ணுமே சாப்புடல. கடலு தெரிஞ்சுதாம், நான் பாக்கல. வரலட்சுமி நல்லவங்கதான், ஆனா சாப்ட்டு முடிக்கிறதுக்குள்ள ரெண்டு பேருக்குப் போன் பண்ணி, "இவரு மாப்பிள்ளையோட அம்மாவத் தானே தூக்கிட்டு வந்தாருன்னா பாத்துக்கோயேன்"னு சொல்லிட்டாங்க. நான் சிரிச்சிகினே குந்தியிருந்தேன். எறக்கறப்பவும் அவருதான் புடிச்சாரு.

சம்பந்தம் முடிவாயிடுச்சு. அந்தப் பொண்ணு தங்கமான பொண்ணு, குறை சொன்னா நாக்கு அழுகிடும். ஆனா எங்க வூட்டுக்காரரு அன்னிக்கே அந்த சைட்டப் போன்லேந்து எடுத்துட்டாரு. பிரியாணிக் கடைக்கும் கூப்புடறது இல்ல. வேலை வுட்டு வந்தா டிவியப் போட்டுகினு குந்திடறாரு.

போன வாரம் ராமதாஸ் போன் பண்ணாரு. இவரு ஸ்பீக்கர்ல போட்டாரு. "மண்டபம் கெடைச்சிருச்சு சம்பந்தி. மேடை மாடியில, லிப்ட் கிடையாது. தங்கச்சியப் பத்திக் கவலையே படாதீங்க, நாங்க தூக்கிருவோம். அதான் பழகிருச்சே!"

இவரு என் பக்கம் திரும்பக்கூட இல்ல. "சரிங்க சம்பந்தி"ன்னுட்டாரு.

போன வெச்சதும் நான் கத்தினேன். "இன்னாய்யா சரி? யாரக் கேட்டு சரின்ன? வேற மண்டபம் பாக்கலாம்னு சொல்ல வாய் இல்ல உனக்கு?"

"எங்க விஜி தேடறது?"ன்னாரு. "எல்லாத்துலயும் வசதி கீதுன்னுதான் போட்டிருக்கான்."

எனக்கு ஆத்திரம் தாங்கல. "அப்ப நான் மேல வரமாட்டேன். கீழ கார்லயே குந்திகினு இருக்கேன். தாலி கட்டினப்புறம் புள்ளையும் பொண்ணும் எறங்கி வந்து கும்புட்டுட்டுப் போவட்டும்"ன்னேன்.

சண்டைக்கு வருவாரு, பெத்தவ இல்லாம தாலி கட்டறதான்னு எகிறுவாரு, போன எடுத்து மறுபடி தேடுவாருன்னு நெனைச்சுத்தான் அத்தச் சொன்னேன். அவரு டிவி சத்தத்தக் கொறைச்சாரு.

அதுக்கும் "சரி விஜி"ன்னுட்டாரு.