பின் இருக்கையில் ஒருவர்

போன மாதம் என் மகள் வாங்கிய புதுக் காரில் கும்பகோணம் போனோம். கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி அவள் அணைத்ததும் மணி அடித்தது. முன்னாலிருந்த திரையில் ஒரு வரி வந்தது.

"என்னடி சொல்லுது?"

"பின் சீட்டைப் பாக்கச் சொல்லுதும்மா. யாரையாவது மறந்துட்டு இறங்கிடக் கூடாதுல்ல."

அவள் சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டாள். நான் திரும்பிப் பின் இருக்கையை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன். அவளிடம் நான் சொல்லாத ஒரு கதை இருக்கிறது.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்தில் காசு வந்த வீடுகளிலெல்லாம் ஒரே மாதிரி சின்னக் கார்தான் வாங்கினார்கள். வளைகுடாவிலிருந்து பணம் வந்த வீடுகளில் முக்கால்வாசி அதே கார், அதே வெள்ளை. என் கணவர் மஸ்கட்டில் இருந்தார். அவர் அனுப்பிய பணத்தில் வாங்கியதுதான் எங்கள் வண்டியும். வலங்கைமானிலிருந்து கும்பகோணத்துக்கு, நான் கணக்கு சொல்லிக்கொடுத்த பெண்கள் பள்ளிக்கு, அதில்தான் போய்வந்தேன். சேலை கட்டிய டீச்சர் கார் ஓட்டுவதைப் பார்க்க ஆரம்பத்தில் ஜனங்கள் நின்றார்கள். அப்புறம் பழகிவிட்டது.

அந்த வண்டியை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்க வேண்டும். பனிக்காலத்தில் கிளப்புவதற்குள் விடிந்துவிடும். ஆனால் எந்த இடுக்கிலும் நுழையும், எந்த மெக்கானிக் கைக்கும் அடங்கும். சாவி நாளாக ஆகத் தேய்ந்து மொழுமொழுவென்று ஆகிவிடும். ஒரு வண்டியின் சாவி இன்னொரு வண்டிக்கும் சேரும் என்று மெக்கானிக் ஒருமுறை சொன்னபோது வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்தேன்.

சம்பா அறுவடை முடிகிற சமயம். கூட வேலை பார்த்த டீச்சர் ஒருவரின் மகளுக்கு மயிலாடுதுறையில் நிச்சயதார்த்தம். போகிற வழியில் பள்ளியில் நின்று, திருப்புதல் தேர்வு விடைத்தாள்களை வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டிப் பின் இருக்கையில் போட்டுக்கொண்டேன். மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரி. இரண்டுக்கும் பொதுவான மரத்தடியில் வண்டியை விட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து கதவைத் திறந்தேன். திறந்தது. கிளப்பினேன். கிளம்பியது. கிளட்சுக்குக் கால் எட்டவில்லை. இருக்கையின் கொக்கி கழன்று பின்னுக்கு நகர்ந்துவிட்டதுபோல என்று முன்னே இழுத்துக்கொண்டேன். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. என் மூட்டைதான், வேறென்ன. மனதெல்லாம், இந்த வருஷமும் லீவு கிடைக்காது என்று கணவர் எழுதிய கடிதத்தில் இருந்தது.

குத்தாலம் தாண்டியாயிற்று. வண்டிகள் ஏறி மிதித்தால் மிச்ச நெல் உதிரும் என்று ரோட்டில் வைக்கோலைப் பரப்பியிருந்தார்கள். அதன்மேல் மெதுவாக ஏறும்போது பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது.

"மருந்து வாங்கிட்டியா தம்பி? சொல்லாமலே எடுத்துட்டியே."

கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. வைக்கோலில் வண்டி வழுக்கி, வாய்க்கால் கரைக்கு ஒரு முழம் முன்னால் நின்று அணைந்தது. திரும்பிப் பார்த்தேன். வெள்ளைப் போர்வைக்குள்ளிருந்து ஒரு பெரியவர் எழுந்துகொண்டிருந்தார். தலையில் தொப்பி, நரைத்த தாடி. வலது கண்ணில் கட்டு. இடது கண் பால் நிறத்தில் இருந்தது.

"யாருங்க நீங்க?" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "நீங்க யாரும்மா? என் பிள்ளை எங்கே?" கை கதவைத் தடவியது. "என்னை எங்கே கொண்டுபோறீங்க? எங்கிட்ட ஒண்ணுமில்லம்மா."

அந்தக் கை கதவின் பிடியைத் தேடியதைப் பார்த்த பிறகுதான், பயப்பட வேண்டியவள் நானில்லை என்று உறைத்தது. ஒரு வயதான மனிதரை, அதுவும் கண் தெரியாதவரை, பத்து மைல் தூரம் கடத்திக்கொண்டு வந்திருக்கிறேன். பக்கத்து இருக்கைக்குக் கீழே ஒரு பிளாஸ்க் உருண்டு கிடந்தது. அது என்னுடையதில்லை. அந்த வண்டியில் எதுவுமே என்னுடையதில்லை.

"ஐயா, நான் கும்பகோணத்துல டீச்சர். என் வண்டின்னு நினைச்சு எடுத்துட்டேன். இப்பவே திருப்பிடறேன்" என்றேன்.

நான் வண்டியைத் திருப்பியதும் அவர், "சாவி எப்படிம்மா சேந்துச்சு?" என்று கேட்டார்.

"சேந்துடுச்சுங்க."

"அப்போ நம்ம பூட்டுறதெல்லாம் சும்மாதான்" என்றார். அவருக்கு மூச்சு சீரானது.

கீழ்வேளூர்க்காரர். பேச்சுவாக்கில் என் வீட்டுக்காரர் எங்கே என்று விசாரித்தார். சொன்னேன்.

"என் பிள்ளையும் அந்தப் பக்கம்தான், துபாய். எனக்கு ஆபரேஷன்னு வந்தான். வெள்ளிக்கிழமை பிளேன் ஏறணும். ஆபரேஷன் பண்ணியும் பிரயோசனமில்லம்மா. ரெண்டு கண்ணுலயும் உள்ளே நரம்பு செத்துப்போச்சாம். பார்வை வராதுன்னு டாக்டர் காலையில எங்கிட்ட சொன்னாரு. அவன் வெளியில இருந்தான்."

"பிள்ளைகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா ஏற மாட்டான். கட்டு சனிக்கிழமைதான் பிரிப்பாங்க. அதுக்குள்ள அவன் போயிடுவான்."

"வீட்ல வேற யாருங்க இருக்கா?"

"யாருமில்ல. அவன் உம்மா போய் ரெண்டு வருஷமாச்சு. நீங்க வேத்து ஆளு, அதான் சொன்னேன். மனசுல வச்சுக்குங்க."

முதலில் அவர் குரலைக் கேட்டபோது பயந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. இரண்டு கண்ணும் தெரியாமல், தனி வீட்டில், ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த மனிதர் எப்படி அடுப்பைப் பற்றவைப்பார்?

குத்தாலத்துக்குள் நுழையும்போது எதிரே ஒரு வெள்ளைக் கார் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டு வந்தது. நம்பரைப் பார்த்தேன். என் வண்டி.

அதிலிருந்து இறங்கி ஓடிவந்தவருக்கு முப்பது வயது இருக்கும். "அத்தா" என்று சொல்லிப் பெரியவரின் முகத்தையும் தோளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவருக்குத் திட்டக்கூடத் தெம்பு இல்லை.

"மருந்து வாங்கிட்டு வந்து கதவைத் திறக்கறேன், அத்தா படுத்திருந்த இடத்துல ஒரு மூட்டை இருக்கு. ஆஸ்பத்திரி பூரா தேடிட்டேங்க. கிணத்தைக்கூட எட்டிப் பாத்தேன். அப்புறம் மூட்டையைப் பிரிச்சா பரீட்சைப் பேப்பர். அப்பத்தான் வண்டியே எங்களது இல்லன்னு தெரிஞ்சுது. மண்டபத்துல கேட்டு வந்தேன்."

சாவிகளை மாற்றிக்கொண்டோம். அத்தோடு நான் போயிருக்கலாம். போக முடியவில்லை. கொஞ்சம் தள்ளியிருந்த மதகுப் பக்கம் அவரைக் கூப்பிட்டு, பெரியவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் மதகின்மேல் உட்கார்ந்துவிட்டார். ஒரு லாரி போயிற்று, ஒரு பஸ் போயிற்று. அவர் எழுந்திருக்கவில்லை.

காருக்குள்ளிருந்து பெரியவர் கேட்டார். "டீச்சர், சொல்லிட்டீங்களா?"

நான் என் வண்டியில் ஏறிக் கிளம்பிவிட்டேன். வீடு வரும்வரை மூன்று முறை பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன்.

மூன்று மாதம் கழித்து அந்தப் பிள்ளை பஸ்ஸில் என் பள்ளிக்கு வந்தார். தஞ்சாவூர், மதுரை என்று காட்டாத டாக்டர் இல்லை; எல்லாரும் அதையே சொல்லியிருக்கிறார்கள். போக வேண்டிய நாளில் போகாததால் துபாய் வேலை போய்விட்டது. காரை விற்று ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார்.

"உங்க மேல எனக்கு வருத்தமில்லைங்க. நீங்க சொல்லாம இருந்திருந்தா என்னை நானே மன்னிச்சிருக்க மாட்டேன். அத்தாதான் கோவமா இருக்காரு. ஒருதடவை வந்து பேசுங்க" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழ்வேளூர் போனேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவில் திறந்த கதவு. பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் வணக்கம் சொன்னதுமே குரலை அடையாளம் கண்டுகொண்டார்.

"அன்னிக்கு உங்களை நம்பினேன்" என்றார்.

"தெரியுங்க."

"என் பிள்ளை சம்பாத்தியத்தைக் கெடுத்துட்டீங்க."

மயிலாடுதுறையிலிருந்து திரும்பிய அன்று ராத்திரியே கணவருக்கு எழுதிய கடிதத்தில், வீட்டில் எல்லாரும் சௌக்கியம் என்றுதான் எழுதியிருந்தேன். அதற்கு முன் இரண்டு வாரம் எனக்குக் காய்ச்சல் அடித்ததை எழுதவில்லை. ஊரார் வீட்டில் உண்மை பேசுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெண் டீ கொண்டுவந்து வைத்தாள். பெரியவர் தன் தம்ளரைத் தடவி எடுத்து இரண்டு வாய் குடித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கடையில இருக்கானா?"

"இருக்காருங்க."

"ஆள் வரும்போது சிரிச்சுப் பேசறான். அது காதுல விழுது. ஆள் போனப்புறம் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. நீங்க பாத்துச் சொல்லுங்க. மறைக்காதீங்க."

கதவு வழியாகப் பார்த்தேன். பருப்பு வாங்கிய அம்மாள் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை தராசைத் துடைத்து வைத்துவிட்டு, எதிர்ச்சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"சோர்ந்துதான் இருக்காருங்க" என்றேன்.