உமா மகேஸ்வரி பெயரில் விழுந்த ரத்து

சீசன் நேரத்தில் குற்றாலத்து விடுதிக்குப் போன் போடுகிறவர்கள் முதலில் அறையைப் பற்றிக் கேட்பதில்லை. "தண்ணி விழுதா?" என்றுதான் கேட்பார்கள். பதினோரு வருடம் இதற்குப் பதில் சொன்னவள் உமா மகேஸ்வரி. இலத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து வரவேற்பு மேசையில் உட்காருவாள். வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளிக்க மாட்டாள். வாட்ஸப்பில் வரும் அருவி வீடியோவை மேசைக் கணினியில் திறந்து பார்த்துவிட்டுத்தான் சொல்லுவாள்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை மூன்று வேன் நிறையக் குடும்பங்கள் மழையில் வந்து நின்றன. அவர்களுடைய முன்பதிவெல்லாம் முந்தின நாளே ரத்தாகி, இணையதளம் அந்த அறைகளை வேறு ஆட்களுக்குக் கொடுத்திருந்தது. முதலாளி பரமேஸ்வரன் என்னைக் கூப்பிட்டார். அந்தத் தளத்தைச் செய்துகொடுத்தவன் நான்தான்.

"ஏலே விஜயசங்கர், யாருலே செஞ்சது?"

யார் என்ன செய்தார்கள் என்று தளம் குறித்து வைக்கும் பதிவேட்டைப் பார்த்தேன். "உமாக்கா லாகின்தான் அண்ணாச்சி."

"சத்தியமா நான் தொடலை" என்று அவள் அழுதாள். எந்த லாட்ஜ்காரனிடம் காசுக்குக் கை நீட்டினாய் என்று கேட்டு, முதலாளி அவளை அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டார். குற்றாலம் சின்ன ஊர். வேறு எந்த விடுதியிலும் அவளைச் சேர்க்கவில்லை.

பத்து நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. ரத்து செய்யும் உத்தரவு எங்கள் தளத்தின் பக்கத்திலிருந்து வரவேயில்லை. ஓர் அருவி வீடியோப் பக்கத்திலிருந்து வந்திருந்தது. அவள் லாகினில் இருக்கும்போது அதைத் திறந்திருக்கிறாள். அது அவளுக்குத் தெரியாமல் அவள் பெயரிலேயே உத்தரவு அனுப்பிவிட்டது. எந்தப் பாவி செய்த வேலையோ! உத்தரவு அவள் கொடுத்ததுதானா என்று சோதிக்க வேண்டியது தளத்துக்கு அடித்தளமாக நான் பயன்படுத்திய ஃபிரேம்வொர்க் என்ற மென்பொருள். அந்தச் சோதனையில் ஓட்டை இருக்கிறது, உடனே புதுப்பியுங்கள் என்று மே மாதமே அறிவிப்பு வந்திருந்தது. சீசனில் ஓடுகிற தளத்தில் எவன் கை வைப்பான், ஆகஸ்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவன் நான். மடப்பயல்.

ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னேன்.

"ஓட்டையை அடைச்சிட்டேல்லா? வாயை மூடிக்கிட்டு இரு. வெளிய தெரிஞ்சா நம்ம சைட்டுல எவன்லே ரூம் போடுவான்?"

அவருடைய நான்கு விடுதிகளுக்கும் நான்தான் வேலை பார்க்கிறேன். வாயை மூடிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் மூடிக்கொண்டேன்.

நவம்பரில் மனசு கேட்காமல் இலத்தூர் போனேன். உமாக்கா பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். தளத்தில் இருந்த ஓட்டையையும் வீடியோ செய்த வேலையையும் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"எங்க வீட்டுக்காரர்ட்ட அப்பவே சொன்னேன் தம்பி, உண்மை தெரிஞ்சா அண்ணாச்சியே கூப்பிடுவாவன்னு. வா, இப்பமே போய்ச் சொல்லுவோம்."

"அவருக்குத் தெரியும்க்கா. ஜூலையிலயே சொல்லிட்டேன்."

பீடித்தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

"அப்பம் நீ எழுதித் தா. இதை நான் செய்யலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தா. ஐந்தருவிப் பக்கம் ஒரு லாட்ஜுல ஆள் கேக்காவ. காட்டுதேன்."

மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினாள். என் சட்டைப் பையில் பேனா இருந்தது.

"நாளைக்கு டைப் பண்ணிக் கொண்டு வாரேன்க்கா."

"எத்தனை மணிக்கு வருவே தம்பி?"

பத்து மணிக்கு என்றேன். சொல்லி இரண்டு வருடம் ஆகிறது.