துணிக்குள்ளிருந்து வந்த இசை

கொச்சி ஜூ டவுன் பழம்பொருள் கடையில், பொருள்களைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணின் கைப்பேசியில் ஒரு பழைய சினிமா தீம் இசை ஒலித்தது. படத்தின் கதை எனக்கு மறந்துவிட்டது, இசை சாகவில்லை.

என் சிறுவயதில் இதே கட்டடம் சுக்குக் கிடங்கு. தூசிக்குப் பயந்து அம்மாவும் மற்ற பெண்களும் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு சுக்கு தரம் பிரிப்பார்கள். பாடக்கூடாது என்பது மேஸ்திரியின் சட்டம். வார்த்தையில்லாத அந்த இசையை ஒருத்தி முனகத் தொடங்கினால் போதும், எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள்.

"ஆராடீ பாடுந்நது?" என்று மேஸ்திரி கத்துவார். ஓர் உதடும் தெரியாது.

"யாரும் பாடலையே சேட்டா," என்பாள் அம்மா. அவர் திரும்பியதும் மறுபடி தொடங்கும்.

"ஓஃப் ஆக்கு அது!" என்று இன்றைய கடை முதலாளி அதட்டினார். கைப்பேசி அடங்கியது. நான் உதட்டை மூடிக்கொண்டு, நின்ற இடத்திலிருந்து முனகினேன். முதலாளி அந்தப் பெண்ணை முறைத்தார். அவள் உதடும் மூடித்தான் இருந்தது. ஆனால் இப்போது இரண்டு குரல்கள் கேட்டன.